சிறுபகை: கற்பனை மேசையாட்டத்திற் குறளியினம் ஆக்குமாறு

பெரும்பகையைக் கண்டு அஞ்சுதல் மனிதர்க்கு இயல்பு. மலையனைய அரக்கனும் தீயுமிழும் நாகமும் கதையிற் புகும்போது கேட்போர் உள்ளம் நடுங்குவதில் வியப்பில்லை. இடையளவே உயர்ந்த சிற்றுருவம் ஒன்று இருளில் நின்று நகைக்குங்கால் எழும் அச்சமோ வேறு வகையினது. அதனை ஒரு கையால் தூக்கி எறிந்துவிடலாம் என்று அறிவு சொல்லும். ஆயினும் கால் முன்னே செல்ல மறுக்கும். பல நாட்டுக் கதைமரபுகளும் இவ்வச்சத்தை நன்கறிந்திருந்தன. அதனை அங்கிருந்து எடுத்து ஆட்டமேசையின்மேல் வைத்தோர் அண்மைக் காலத்தவர். சிறிய உருவும் தீய உள்ளமும் மனிதச் சாயலும் உடைய ஓரினத்தை அவ்வாட்டத்திற்கென ஆக்குவது எவ்வாறு, ஆக்குவோன் எவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும் என்பனவே இக்கட்டுரையின் பொருளாம்.

பாத்திரமேற்று ஆடும் மேசையாட்டத்தை அறியாதார்க்கு அதன் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். அவருள் ஒருவர் நடுவர். ஏனையோர் ஒவ்வொருவரும் தம்மை ஒரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ கள்வனாகவோ பாவித்துக்கொள்வர். நடுவர் இடத்தையும் நிகழ்ச்சியையும் சொல்லாற் சித்திரிப்பர். ஆடுவோர் தாம் செய்வது இன்னதென உரைப்பர். வெற்றி தோல்வி ஐயமாயிருக்குமிடத்துப் பகடை தீர்ப்பளிக்கும். கதைசொல்லலும் நாடகமும் கணிதமும் ஒருங்கு கலந்த ஆட்டம் இது. இவ்வகையில் முதன்முதலாக அச்சாகி விற்பனைக்கு வந்தது, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பது. 'நிலவறைகளும் நாகங்களும்' என அப்பெயரைத் தமிழாக்கலாம். 1974ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து அது வெளிவந்தது.

ஆங்கிலத்திற் 'கொப்லின்' எனவும் ஜேர்மன் மொழியிற் 'கோபோல்ட்' எனவும் வழங்கும் சிற்றுருவங்களுக்குத் தமிழில் எச்சொல் பொருந்தும்? பேய் என்றால் இறந்தார் நினைவு வரும். பூதம் என்றாற் பருத்த உடல் நினைவு வரும். அரக்கர் பேருருவினர். குறுமை என்னும் பண்போடு தொடர்புடைய 'குறளி' என்னும் சொல்லோ சிற்றுருவையும் குறும்பையும் மாயத்தையும் ஒருங்கே உணர்த்தும். குறளி வித்தை என்னும் வழக்கும் யாவரும் அறிந்ததே. ஆதலின் ஈண்டு அச்சொல்லையே ஆளுகின்றோம். கலிங்கத்துப்பரணியிற் பேய்களைப் பாடவந்த செயங்கொண்டார், முடப்பேய், குருட்டுப்பேய் முதலியவற்றுக்கு அக்குறை வந்த காரணத்தையும் உடன்சொல்லிச் செல்வர். காரணமின்றி ஓருருவும் இல்லை என்னும் அந்நெறி நம் பொருளுக்கும் பெரிதும் உதவுவது.

நாட்டார் வழக்கிற் குறளிகள்

ஜேர்மனியின் சக்சனிப் பகுதிக்கும் பொகீமியாவுக்கும் இடையே கிடக்கும் மலைத்தொடர் தாதுமலை எனப் பெயர்பெற்றது. அங்கு வெள்ளிச் சுரங்கங்கள் பல இருந்தன. அச்சுரங்க ஊர்களில் ஒன்றாகிய யோவாக்கிம்ஸ்தாலில் மருத்துவராயிருந்த கெயோர்க் அக்ரிகோலா, நிலத்தின்கீழ் வாழும் உயிர்களைப் பற்றி 1549இல் ஒரு நூல் வெளியிட்டார். சுரங்கத்து ஆவிகளையும் அவர் அந்நூலிற் சேர்த்துள்ளார். அவற்றுட் கொடியனவும் உள, சாதுவானவையும் உள என்பது அவர் கூற்று. சாதுவானவை சில சாண் உயரத்தன. சுரங்கத் தொழிலாளர்போல் உடையணிந்தன. ஓயாது வேலை செய்வனபோற் பாவனை காட்டி ஒரு வேலையும் முடியாதன. சிறு கற்களை எறிவன. தம்மைப் பழித்துச் சினமூட்டினாலன்றிப் பெருந்தீங்கு செய்யாதன. கொடியவற்றுக்கு எடுத்துக்காட்டாக, அன்னபேர்க் நகரத்துச் சுரங்கமொன்றிற் குதிரை வடிவில் வந்து தன் மூச்சினாற் பன்னிரு தொழிலாளரைக் கொன்ற ஆவியொன்றை அவர் குறிப்பிடுகின்றார்.

இக்கூற்றுக்களை மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடுதல் எளிது. சற்று நின்று நோக்கினால் அவற்றின் அடியிற் கிடக்கும் உண்மை புலனாகும். சுரங்கத்தில் நச்சுவாயு தேங்கும். ஒருவரை ஒருவர் தொடர்ந்து பலர் மடிவர். கூரையிலிருந்து சிறு கற்கள் உதிரும். அவை பின்வரும் பெருஞ்சரிவுக்கு முன்னறிகுறி. மூச்சினாற் கொல்லும் ஆவியும் கல்லெறியும் குறளியும் தொழிலாளர் அன்றாடம் கண்ட ஆபத்துகளுக்கு இட்ட பெயர்களே.

இதனினும் தெளிவான சான்று வேதியியலில் உண்டு. அம்மலைகளில் வெள்ளித் தாதுபோல் தோன்றிய ஒருவகைக் கல் கிடைத்தது. உருக்கினால் அது வெள்ளியைத் தராது. அதிலிருந்த ஆசனிக்குக் காரணமாக நச்சுப் புகையையே தந்தது. வெள்ளியைக் குறளிகள் கவர்ந்துகொண்டு அதனிடத்தில் இந்த நச்சுக்கல்லை வைத்துவிட்டன என்று தொழிலாளர் நொந்தனர். கல்லுக்கும் குறளியின் பெயரையே இட்டனர். 1735ஐ ஒட்டிச் சுவீடன் நாட்டு ஜோர்ஜ் பிரான்ட் அக்கல்லிற் புதிய உலோகமொன்று இருப்பதைக் கண்டறிந்தபோது பழைய பெயரே நிலைத்தது. அதுவே கோபாற்று. செப்புத் தாதுபோல் தோன்றிச் செம்பு தராத மற்றொரு கல்லையும் அவர்கள் செப்புக்குறளி என்னும் பொருள்பட வழங்கினர். 1751இல் அதிலிருந்து ஆக்செல் குரொன்ஸ்டெட் பிரித்தறிந்த உலோகம் நிக்கல். நம் ஆய்வுகூடத்தில் மாணவர் நாள்தோறும் உச்சரிக்கும் மூலகப் பெயர்களுள் இரண்டு குறளிகளின் பெயர்கள் என்பது அறிந்து மகிழத்தக்கது.

இங்கிலாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைநாட்டிற் செந்தொப்பிக் குறளியைப் பற்றிய கதை வழங்கிற்று. நீண்ட பற்களும் இரும்புக் காலணியும் உடைய குள்ளக் கிழவன் அவன். கொடுமை நிகழ்ந்த பாழ்ங்கோட்டைகளிலேயே அவன் வாழ்வான். வழி தவறி அங்கே தங்குவோரைக் கொன்று அவர் குருதியில் தன் தொப்பியைத் தோய்ப்பான். நூற்றாண்டுக் கணக்கிற் போரும் கொள்ளையும் கண்ட நாடு அது. கோட்டைச் சுவரில் ஊறிய பழங்கொடுமை பின்னர் ஒரு கிழவனின் வடிவு கொண்டது போலும். ஆகவே நாட்டார் வழக்கிற் குறளியின் தீமை வெறுந்தீமை அன்று. அது இடத்திற்கும் தொழிலுக்கும் வரலாற்றுக்கும் உரியது. அதற்கு ஒரு வரம்பும் உண்டு. பழித்தாற் சினக்கும், குறித்த இடத்தை விட்டு அகலாது, இன்னது செய்தால் விலகும். காரணமும் வரம்பும் உள்ள தீமையே கதைக்கு உதவும் தீமை.

இலக்கியத்திற் குறளிகள்

ஸ்கொத்லாந்தில் பிறந்த ஜோர்ஜ் மக்டொனால்ட் 1872இல் 'இளவரசியும் கொப்லினும்' என்னும் பொருள்பட்ட பெயருடைய நெடுங்கதையை நூலாக வெளியிட்டார். அதில் வரும் குறளிகள் முன்னொரு காலத்தில் நிலத்தின்மேல் ஏனையோர்போல் வாழ்ந்தவை. அரசனொருவன் கடும்வரி விதித்தமை போன்ற காரணங்களால் மனம் வெறுத்து அவை நிலத்தின்கீழ் இறங்கின என்பது அங்குச் சொல்லப்படும் ஐதிகம். வெயில் காணாத வாழ்வினால் அவற்றின் உடல் திரிந்தது, அறிவோ கூர்மையடைந்தது. தம்மை வெளியேற்றியவர்களின் வழித்தோன்றல்களுக்கு இடர் செய்வதையே அவை இன்பமாகக் கொண்டன. அவற்றின் தலை கல்லினும் வன்மையானது, பாதமோ மென்மையானது. பாட்டைக் கேட்கப் பொறா. சுரங்கச் சிறுவனாகிய கேர்டி பாட்டுப் பாடியே அவற்றை விரட்டுவான்.

ரொல்கீன் என்னும் ஒக்ஸ்போட் பேராசிரியர் 1937இல் வெளியிட்ட 'கொபிற்று' என்னும் கதையிலும் மலைக்குகைக் குறளிகள் வருகின்றன. அவை அழகிய பொருள் ஒன்றையும் செய்யா. ஆனால் சூழ்ச்சியான கருவிகளையும் பலரை ஒருங்கே கொல்லும் பொறிகளையும் இயற்றுவதில் வல்லவை. மக்டொனால்டுக்குத் தாம் பட்ட கடனை ரொல்கீன் ஒப்புக்கொண்டிருக்கின்றார். மென்பாதத்தை மட்டும் தாம் நம்பியதில்லை என்பதையும் சொல்லியிருக்கின்றார். இருவரும் கையாண்ட முறை ஒன்றே. மக்டொனால்ட் குறளியின் தீமைக்கு ஒரு வரலாற்றைக் காரணமாக்கினார். ரொல்கீன் ஒரு மனப்பான்மையைக் காரணமாக்கினார். படிப்போர் அவற்றை வெறுப்பினும் அவை ஏன் அவ்வாறு ஒழுகுகின்றன என்பதை விளங்கிக்கொள்வர்.

ஆட்டத்திற் புகுந்தபோது நேர்ந்தது

1971இல் கைகாக்சும் ஜெஃப் பெரனும் சேர்ந்து வெளியிட்ட 'செயின்மெயில்' என்னும் போராட்ட விதிநூலின் பின்னிணைப்பிற் கற்பனை உயிர்கள் இடம்பெற்றன. குறளிகளும் அவற்றுள் அடங்கும். 1974ஆம் ஆண்டின் நூலும் 1977ஆம் ஆண்டின் 'மொன்ஸ்டர் மனுவல்' என்னும் உயிர்த்தொகை நூலும் அவற்றை நிலைபெறச் செய்தன. இரண்டாவது நூலிற் கோபோல்டின் உயரம் மூன்றடி, கொப்லினின் உயரம் நான்கடி. ஓருயிர் எவ்வளவு அடியைத் தாங்கும் என்பதைக் காட்டும் உயிர்ப்புள்ளி கோபோல்டுக்கு 1 முதல் 4 வரை; கொப்லினுக்கு 1 முதல் 7 வரை. இரண்டும் 40 முதல் 400 வரையான கூட்டமாகத் தோன்றும்.

இவ்வெண்களின் பொருளைக் கணித்துப் பார்ப்போம். அவ்வாட்டத்தில் ஒரு நீள்வாள் எட்டுமுகப் பகடையின் அளவுக்கு, அஃதாவது 1 முதல் 8 வரை, ஊறு செய்யும். வாள் பட்டுவிட்டதெனக் கொண்டால் ஒரே வீச்சிற் கோபோல்ட் மடிவதற்குரிய வாய்ப்பு பதினாறிற் பதின்மூன்று. கொப்லின் மடிவதற்குரிய வாய்ப்பு பதினாறிற் பத்து. புதிதாய் ஆடவந்தவனின் முதற் பகையாக இவ்வெண்கள் நன்கு பொருந்தின. தொடக்க வீரனுக்கு வெட்ட ஒரு பகை வேண்டும். அப்பகை பெரும்பாலும் ஒரே வெட்டில் வீழவேண்டும். வீழ்ந்தபின் அதனிடம் சில நாணயங்கள் இருக்கவேண்டும். குறளி அத்தேவையை நிறைவேற்றியது.

எண்கள் நிலைத்தன, பல மேசைகளிற் காரணங்கள் உதிர்ந்தன. சுரங்கத்து நச்சுப்புகையும் வரிக்கொடுமையால் நிலத்தடியிற் புகுந்த மக்களின் வரலாறும் மறைய, தீயது என்னும் ஒற்றை அடைமொழியே எஞ்சிற்று. 1980ஐ ஒட்டி வெளிவந்து பல்லாயிரவர்க்கு முதல் ஆட்டமாயமைந்த 'எல்லைப்புறக் கோட்டை' என்னும் கைகாக்சின் ஆட்டநூலில் ஒரு பள்ளத்தாக்கின் குகைகள்தோறும் வெவ்வேறு பகையினங்கள் குடியிருக்கும். அக்குகைகளிற் போர்செய்வோர் மட்டும் இல்லை. பெண்களும் குஞ்சுகளும் கணக்கிட்டு எழுதப்பட்டுள்ளன. வீரர்களை வென்று உள்ளே புகுந்த ஆட்டக்காரர், மூலையில் ஒடுங்கி நிற்கும் குறளிக் குழந்தைகளை என் செய்வது என்று திகைத்தனர். எத்தனையோ மேசைகளில் இரவு நெடுநேரம் வாதம் நடப்பதற்கு இக்கேள்வி காரணமாயிற்று. விதிநூல் அதற்கு விடை சொல்லவில்லை. விடை சொல்லும் கடன் இனத்தை ஆக்குவோன்மேல் விழுந்தது.

சிறுமையே படைக்கலம்

1987ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து 'டிராகன்' இதழில் அதன் ஆசிரியர் ரொஜர் மூர் எழுதிய தலையங்கம் இத்துறையினர் இன்றும் எடுத்துப் பேசுவது. டக்கர் என்னும் நடுவர் நடத்திய ஆட்டத்தின் நிலவறையில் முதல் தளத்திற் கோபோல்டுகள் இருந்தன. பத்தாந் தளத்திற் பெருந்தீப்பேய்கள் இருந்தன. ஆற்றல் மிக்க வீரர்களோ பத்தாந் தளத்துக்குச் செல்ல அஞ்சாது முதல் தளத்தைக் கடக்கவே அஞ்சினர். அக்கோபோல்டுகளின் உயிர்ப்புள்ளி கூடவில்லை. அவை சுவர்த் துளைகளின் வழியே அம்பெய்தன. வழிகளை அடைத்துத் தீமூட்டின. புகையில் திணறி ஓடியவரை அடுத்த பொறியை நோக்கித் துரத்தின. எதிர்நின்று போர்செய்ய ஒருபோதும் இசையவில்லை. சிறியோன் தன் சிறுமையை உணர்ந்து போர்செய்தால் வலியோன் வலிமை பயன்படாது போம் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

கணிதமும் இதனை வலியுறுத்தும். 2000ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பிலும் அதன் பின்வந்த பதிப்புகளிலும் இருபதுமுகப் பகடையில் 20 விழுந்தால் எத்துணை வலிய கவசமும் காவாது. ஒரு குறளி எறியும் கல் அவ்வாறு படும் வாய்ப்பு நூற்றுக்கு 5 மட்டுமே. பத்துக் குறளிகள் ஒருங்கே எறிந்தால் ஒரு கல்லேனும் படும் வாய்ப்பு நூற்றுக்கு 40. இருபது எறிந்தால் 64. குறளியின் வலிமை தொகையில் உள்ளது. தனித்த குறளி அஞ்சி ஓடுவதும் திரண்ட குறளிகள் துணிந்து வருவதும் கோழைத்தனம் அல்ல, கணக்கறிவு.

ஆக்கும் நெறிகள்

இதுகாறும் கூறியவற்றிலிருந்து சில நெறிகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, உருவின் சிறுமைக்கும் வாழ்வின் முறைக்கும் இயைபு வேண்டும். மூன்றடி உயரத்தார் தோண்டும் வழி மூன்றரை அடி உயரமே இருக்கும். அதனுட் புகும் வீரன் குனியவேண்டும். நீள்வாளை வீச இடமிராது. கேடயம் சுவரில் முட்டும். பகைவனின் வீட்டுக்குள் நுழைந்த அக்கணமே பெரியோனின் பெருமை சுமையாகிவிடுகின்றது. உணவு, விளக்கு, துயிலிடம், கருவி ஒவ்வொன்றையும் இவ்வளவையிலேயே எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, தீமை செயலாற் காட்டப்படல் வேண்டும். 'இவை கொடியவை' என்று நடுவர் பத்துமுறை சொன்னாலும் ஆடுவோர் நெஞ்சிற் பதியாது. கிணற்றுக் கயிறு பாதி அறுக்கப்பட்டிருக்கின்றது; உறங்குவோன் காலணியுள் முள் கிடக்கின்றது; வழிகாட்டும் கம்பம் பள்ளத்தை நோக்கித் திருப்பப்பட்டிருக்கின்றது. இவற்றைக் கண்டோர் குறளியைக் காணுமுன்னரே அதன் உள்ளத்தைக் கண்டுவிடுவர். பசிக்காகத் திருடுவது தீமையன்று. பிறன் வருந்துவதைக் கண்டு நகைப்பதற்காகவே ஒன்றைச் செய்வது தீமை. இவ்வேறுபாட்டை ஆக்குவோன் மறத்தலாகாது.

மூன்றாவது, விதி ஒன்றேனும் குணத்தைச் சொல்லவேண்டும். 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பிற் கோபோல்டுக்கு ஒரு சிறப்புண்டு: தன் தோழன் பகைவனுக்கு அருகில் நின்றால் அது பகடையை இருமுறை உருட்டிப் பெரிய எண்ணைக் கொள்ளலாம். 11 அல்லது அதனின் மிக்க எண் வேண்டுமிடத்து ஒரு பகடையின் வாய்ப்பு நூற்றுக்கு 50. இருமுறை உருட்டினால் 75. கொப்லினுக்கோ தாக்கிய கையோடு விலகி ஒளியும் ஆற்றல் தரப்பட்டது. முன்னது கூட்டத்தை நம்பும் இனம், பின்னது ஒளிவிடத்தை நம்பும் இனம் என்பதை நீண்ட வருணனையின்றி ஒவ்வொரு வரி விதியே உணர்த்திவிடுகின்றது.

நான்காவது, நினைவில் நிற்கும் விந்தை வழக்கம் ஒன்று வேண்டும். அதற்கும் காரணம் வேண்டும். பைசோ நிறுவனத்தார் 2007இல் தம் ஆட்டநூலொன்றிற் குறளிகளைப் புதுக்கியபோது, அவை எழுத்தைக் கண்டு நடுங்குவனவாக அமைத்தனர். ஒரு சொல்லை எழுதினால் அது தலையிலிருந்து திருடப்பட்டுவிடும் என்பது அவற்றின் நம்பிக்கை. தீயையும் பாட்டையும் விரும்பும். குதிரையையும் நாயையும் வெறுக்கும். நகைப்பும் அச்சமும் சேர்ந்த இவ்வமைப்பு அக்குறளிகளைப் பெரும்புகழ் பெறச் செய்தது.

ஐந்தாவது, தீமைக்கு வரம்பு வேண்டும். குறளி செய்யாதது எது, அஞ்சுவது எது, மதிப்பது எது என்பன தெரிந்தாலன்றி ஆடுவோர்க்கு வாளையன்றி வேறு வழியிராது. நாட்டார் குறளிகள் எல்லாம் இவ்வரம்பை உடையனவாயிருந்தமை முன்னரே காட்டப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டு

இந்நெறிகளைக் கொண்டு ஓரினத்தை ஆக்கிப் பார்ப்போம். அவற்றுக்குச் சாம்பற்குறளிகள் எனப் பெயரிடுக.

கற்பனை நாடொன்றில் ஒரு வெள்ளிச் சுரங்கம் இருந்தது. தாதுநரம்பு மிக ஒடுங்கியதாதலின் வளர்ந்தோர் நுழைய இயலாது. குழந்தைகளையே உள்ளே அனுப்பினர். இது வெறுங்கற்பனை அன்று. பிரித்தானியாவிற் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் பெண்டிரும் சுரங்கத்தினுள் வேலை செய்வதைத் தடுக்க 1842இல் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. நம் கதையில் ஒருநாள் சுரங்கத்தில் தீப்பற்றிற்று. தீ மேலே பரவாதிருக்க மணியடித்து வாயிலை அடைத்தனர். உள்ளே இருந்தோர் இறந்தனர் என்றே ஊர் நம்பிற்று. அவர்கள் இறக்கவில்லை. பல தலைமுறை கழிந்து இன்று அங்கு வாழ்வோர் மூன்றடி உயரத்தர், சாம்பல் நிறத்தர், இருளிற் காண்பர், பகலொளியிற் கண் கூசுவர்.

அவர்தம் தீமை உண்மையான தீமையாகவே இருக்கட்டும். நச்சுத்தாதுவின் பொடியை ஊர்க்கிணற்றில் இடுகின்றனர். வழிப்போக்கரின் விளக்கைத் திருடி, அவர் இருளில் தடுமாறுவதைக் கண்டு கைகொட்டி நகைக்கின்றனர். இன்று கிணற்று நீரைக் குடிப்போர் அன்று வாயிலை அடைத்தோர் அல்லர். குற்றமற்ற குழந்தைகள் நோயுறுகின்றனர். இரக்கத்திற்குரிய வரலாறு உடையோர் செய்வதனால் ஒரு கொடுமை கொடுமையல்லாது போய்விடாது.

இனி விதி. ஒவ்வொருவர்க்கும் உயிர்ப்புள்ளி மூன்று. இருளில் ஒருவர்க்கு ஒருவர் கையெட்டும் தொலைவில் நின்றால் இருமுறை பகடை உருட்டலாம். விளக்கொளி பட்டால் அச்சிறப்பு நீங்கும். ஆகவே அவர் முதலிற் குறிவைப்பது வீரனையன்று, விளக்கை. மணியோசை கேட்டால் ஒரு சுற்று முழுதும் அசைவற்று நிற்பர். வாயில் அடைத்த நாளின் அச்சம் அது. தம் விளக்கைத் தாமே அணைத்து இருளில் அமர்ந்து பேச முன்வருவோரை அவர் தீண்டார். இருளைப் பகிர்ந்தோன் தம்மவன் என்பது அவர் சட்டம். அவர்களுள்ளும் எல்லோரும் ஒரு தன்மையர் அல்லர். முதியோர் பழியை மறவாதவர். இளையோர் சிலர்க்கோ மேலே வானம் என்று சொல்லப்படுவது யாது என்று அறியும் ஆவல் உண்டு.

இவ்வாறு அமைத்தபின் ஆடுவோர்க்கு மூன்று வழிகள் திறக்கின்றன: போரிடலாம், பேசலாம், அடைத்த வாயிலைத் திறக்கலாம். எவ்வழியிலும் விலை உண்டு. போரிட்டால் மூலையிற் குழந்தைகள் நிற்பர். பேசினால் நோயுற்ற குழந்தையின் தாய் ஒப்பமாட்டாள். வாயிலைத் திறந்தால் வெளியே வருவோர் அனைவரும் நல்லோர் என்பதற்கு உறுதி இல்லை. எண்ணத்தக்க ஆட்டம் இங்கேதான் தொடங்குகின்றது.

பிறவித் தீமை என்னும் கேள்வி

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படும். 'ஆட்டம் பொழுதுபோக்கு. களைத்துவந்த மாலையில் மனவுறுத்தலின்றி வெட்டுதற்கு ஒரு பகை வேண்டும். அதன் தாத்தாவுக்கு நேர்ந்த தீங்கை ஆராய்வது எதற்கு?' என்பர். இக்கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. சதுரங்கக் காய்க்கு யாரும் அழுவதில்லை. அத்தகைய பகை வேண்டுமாயின் உயிரற்ற எலும்புருவையும் மந்திரத்தால் நடக்கும் கற்சிலையையும் வைத்துக்கொள்ளலாம். குறளியோ பேசும்; நகைக்கும்; வீடு கட்டும்; குழந்தை பெறும். மனிதச் சாயலை அதற்குக் கொடுத்துவிட்டு, மனிதர்க்குரிய நீதியை மட்டும் மறுப்பதே இடர்ப்பாடு.

ரொல்கீனே இவ்விடர்ப்பாட்டை உணர்ந்திருந்தார். தீமைக்குப் படைக்கும் ஆற்றல் இல்லை என்பது அவர் கொள்கை. அவ்வாறாயின் ஓர்க்குகள் என்னும் தீய இனம் எங்ஙனம் தோன்றிற்று? அவர் மறைவின் பின் 1977இல் வெளிவந்த 'சில்மரிலியன்' நூலில் அவை கெடுக்கப்பட்ட எல்புகள் என்னும் விளக்கம் உண்டு. எனினும் அவர் அதில் முற்றும் அமைதி காணாது இறுதிவரை வேறு விளக்கங்களையும் எண்ணிப் பார்த்தவண்ணமிருந்தார்.

ஓரினத்தவர் அனைவரும் பிறவியிலேயே தீயர், அறிவற்றவர், பேராசையர் என்னும் கூற்று கதைக்குள் மட்டும் வழங்கியதன்று. வளைந்த மூக்கும் பொற்பேராசையும் உடைய குறளியின் உருவிலே ஐரோப்பாவில் யூதரை இழித்து வரைந்த பழஞ்சித்திரங்களின் சாயல் படிந்திருப்பதைப் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அச்சித்திரங்கள் எதில் முடிந்தன என்பதை உலகம் அறியும். ஓரினத்தை முழுதும் பழிக்கும் சொல் எவ்வளவு எளிதிற் பிறக்கின்றது, எவ்வளவு அரிதில் இறக்கின்றது என்பதை நம் நாட்டாரும் அறிவர்.

ஆட்டம் ஆக்குவோரும் இதனை எண்ணத் தலைப்பட்டனர். 2019இல் வந்த 'பாத்ஃபைண்டர்' இரண்டாம் பதிப்பிற் குறளி ஆடுவோர் ஏற்கத்தக்க பாத்திரமாயிற்று, பகையாயிருந்தது துணையாயிற்று. 2020 யூன் மாதம் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' வெளியீட்டாளர், ஓர்க் முதலிய இனங்களை முன்பு வருணித்த முறை உண்மை மனிதக் குழுக்களை இழித்த முறையை நினைவூட்டுவதாயிருந்தது என்று ஒப்புக்கொண்டனர். 2024இல் வந்த ஆட்டக்காரர் கைந்நூலில் 'இனம்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை விடுத்து உயிரியலார் ஆளும் வேறொரு சொல்லை அமைத்தனர். சொல்லை மாற்றுதல் எளிது. ஒவ்வொரு மேசையிலும் நடுவர் குறளிக்கு ஒரு காரணத்தையும் ஒரு வரம்பையும் ஒரு வேற்றுமையையும் கொடுப்பதே அரிதும் பயனுடையதும் ஆகும்.

குறளியை நல்லோனாக்கிவிட வேண்டும் என்பது இதன் கருத்தன்று. தீமையற்ற குறளி குறளியாகாது. அச்சமற்ற கதை கதையாகாது. சக்சனிச் சுரங்கத் தொழிலாளர் தம் குறளியை அஞ்சினர். அதனோடு அதனை அறிந்தும் இருந்தனர். எங்கே வாழும், எதனாற் சினக்கும், எவ்வாறு விலகும் என்பன அவர்க்குத் தெரியும். அறிந்து அஞ்சும் அச்சம் மனிதனை விழிப்புடையவனாக்கும்; அறியாது அஞ்சும் அச்சம் அவனைக் கொடியவனாக்கும். குறளியை ஆக்கும் ஒவ்வொருவனும் இவ்விரண்டில் ஒன்றைத் தன் மேசையைச் சுற்றியிருப்போர்க்குக் கற்பிக்கின்றான். முதலாவதைக் கற்பிப்பானாயின் மூன்றடி உயரக் குறளி பெரும்பணி செய்ததாகும்.